ட்வீட்டர் சேர்த்தால் பாட்டு தெளியுமா?

வீட்டு பாக்ஸில் பாட்டு மங்கலாகக் கேட்கிறது என்று யாரிடம் சொன்னாலும் "ஒரு ட்வீட்டர் போட்டுடுங்க" என்றுதான் பதில் வரும். மேல் ஒலிகளுக்கென்றே இருக்கிற சின்ன ஸ்பீக்கர்தான் ட்வீட்டர். சில பாக்ஸ்களில் இது அப்படியே பலிக்கும். அதுவரை எங்கோ ஒளிந்திருந்த ஜால்ராவும் சலங்கையும் முன்னால் வந்து நிற்கும். வேறு சில பாக்ஸ்களில் "ச", "ஸ" வருகிற இடமெல்லாம் காதைக் குத்தும், நாலு பாட்டு கேட்பதற்குள் தலை கனக்கும், கொஞ்ச நாளில் ட்வீட்டரே எரிந்தும் போகும். இரண்டு பாக்ஸிலும் போட்டது ஒரே ட்வீட்டராகக்கூட இருக்கலாம்.

மேல் அலைவரிசையின் பொறுப்பை ஊஃபரிடமிருந்து (பாக்ஸின் பெரிய ஸ்பீக்கரிடமிருந்து) வாங்கி ட்வீட்டரிடம் ஒப்படைத்தால்தான் பலன். ஒப்படைக்காமல் கூடுதலாக ஒன்றை மாட்டினால், இரண்டு டிரைவரும் (பாக்ஸுக்குள் இருக்கிற தனித்தனி ஸ்பீக்கர்கள்) ஒரே ஒலியைப் பாடி ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். இந்தப் பதிவில் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒப்படைப்பை எப்படிச் செய்வது, எப்போது அதற்குத் தேவையே இல்லை என்பதுதான்.

முதலில் எந்த ஒலி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பியானோவின் கடைசிக் கட்டையின் அடிப்படை அலைவெண் 4186 ஹெர்ட்ஸ். அதாவது ஸ்வரங்கள் அநேகமாக எல்லாமே 4 கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேலே இருப்பவை அந்த ஸ்வரங்களின் மேலோசைகளும் தட்டல், உரசல், மூச்சு போன்ற சத்தங்களும்தான். வயலின் வில்லின் உரசல், மிருதங்கச் சாப்பில் வருகிற கிணுகிணுப்பு, மோர்சிங்கின் நாக்கு, பாடகர் சொல்கிற "ஸ"வில் வருகிற 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரையிலான காற்றொலி எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. ட்வீட்டர் இல்லாத பாக்ஸிலும் ராகம் தெரியும், தாளம் தெரியும். எந்தக் கருவி, யாருடைய விரல் என்பதுதான் தெரியாது.

அந்த ஒலியை ஊஃபரே கொடுக்கக் கூடாதா என்றால், கொஞ்சம் கொடுக்கும். ஆனால் நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கொடுக்கும். 8 அங்குல ஊஃபரில் அசைகிற பகுதியின் விட்டம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். 2 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமும் அதே 17 சென்டிமீட்டர். அலைநீளம் கூம்பின் விட்டத்தைவிடச் சிறியதாகிவிட்டால் ஒலி பக்கவாட்டில் பரவாது, முன்பக்கமாகக் குவியத் தொடங்கும். அதனால்தான் சோபாவின் நடுவில் இருப்பவருக்குப் பாட்டு சரியாகவும், ஓரத்தில் இருப்பவருக்குப் போர்வைக்குள்ளிருந்து வருவது போலவும் கேட்கிறது. 25 மில்லிமீட்டர் டோம் (குமிழ் வடிவ) ட்வீட்டர் 12, 13 கிலோஹெர்ட்ஸ் வரை நன்றாக விரிந்து ஒலிக்கும். ட்வீட்டரின் முதல் நன்மை அதிக சத்தம் அல்ல, இந்தப் பரவல்தான். ஆம்பில் (ஆம்பிளிஃபையரில்) டிரெபிளைத் திருகி இதை ஈடுகட்ட முடியாததற்கும் காரணம் இதுதான். 10 டெசிபல் ஏற்றினால் ஊஃபருக்கு அந்த இடத்தில் பத்து மடங்கு மின்சக்தி போகும், ஓரத்தில் இருப்பவருக்கு நிலைமை பெரிதாக மாறாது.

வாங்குவதற்கு முன்

மங்கலுக்குக் காரணம் ட்வீட்டர் இல்லாமையாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பழைய பாக்ஸ்களில் மிக அடிக்கடி நடப்பது, இருக்கிற ட்வீட்டர் செத்துக் கிடப்பதுதான். ஊஃபர் பாடிக்கொண்டிருப்பதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு காகிதக் குழாயைச் சுருட்டி ட்வீட்டர் முன் பிடித்துக் காதை வைத்தாலே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ட்வீட்டரின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் ட்வீட்டர் நல்ல நிலையில் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் (காயில்) அறுந்துவிட்டது. வயரைக் கழற்றாமல் பாக்ஸின் பின்பக்க முனையிலேயே அளக்கக் கூடாது. அங்கே தெரிவது ஊஃபரின் ஓம்தான். ட்வீட்டர், கீழ் ஒலியைத் தடுக்கிற ஒரு கெப்பாசிட்டருக்குப் பின்னால் இருக்கிறது, மீட்டர் விடுகிற நேர்மின்சாரம் அதைத் தாண்டாது.

ட்வீட்டர் உயிரோடு இருந்தால் அடுத்த சந்தேகம் அந்தக் கெப்பாசிட்டர் மேல். பத்து, இருபது வருடம் ஆன எலக்ட்ரோலிட்டிக் வகை கெப்பாசிட்டர் காய்ந்து மதிப்பு குறைந்திருக்கும். 4.7 மைக்ரோஃபேரட் என்று எழுதியிருப்பது 3 காட்டினால் ட்வீட்டர் தொடங்க வேண்டிய இடம் மேலே தள்ளிப்போய், நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். புதிய ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றினால் போதும்.

பிறகு பாட்டு வருகிற வழியைப் பாருங்கள். பண்பலை வானொலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மத்திய அலை 5 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான். 128 கிலோபிட் எம்பி3 பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வெட்டப்பட்டிருக்கும், அதற்குக் கீழேயும் ஜால்ரா ஒலி நீர் கொப்பளிப்பது போல் சிதைந்திருக்கும். நல்ல ட்வீட்டர் அந்தச் சிதைவையும் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். 1950களின் திரைப்பாடல்களை 78 ஆர்பிஎம் தட்டிலிருந்தோ படச்சுருளின் ஒலித்தடத்திலிருந்தோ எடுத்தவற்றில் மேலே இருப்பது பெரும்பாலும் இரைச்சல். அந்தப் பாடல்களுக்காகவே வாழ்கிற ஒருவருக்கு ட்வீட்டர் சேர்ப்பதால் பெரிய லாபம் இல்லை, நடு அலைவரிசை நன்றாக இருக்கிற ஊஃபர்தான் அவருக்குத் தேவை.

பாக்ஸ் இருக்கும் இடமும் முக்கியம். நம் வீடுகளில் ஸ்பீக்கர் ஷோகேஸின் உச்சியிலோ லாஃப்டிலோ இருக்கும், கேட்பவர் தரையில் உட்கார்ந்திருப்பார். ட்வீட்டரின் அச்சிலிருந்து 30 பாகை கீழே வந்துவிட்டால் மேல் ஒலியில் சில டெசிபல் போய்விடும். ஹார்ன் வகையில் இன்னும் அதிகம் போகும். பாக்ஸுக்குப் பின்னால் ஒரு மரத்துண்டை அண்டை கொடுத்து முகத்தைக் கீழே சாய்த்துப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரின் காதை நோக்கி ட்வீட்டர் திரும்பினாலே பாதி வீடுகளில் பிரச்சினை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஏற்கெனவே ஒரு ட்வீட்டர் இருந்தால்

இருக்கிற ட்வீட்டர் நன்றாக வேலை செய்யும்போது பக்கத்தில் இன்னொன்றை மாட்டுவதை நான் அழுத்தமாகவே வேண்டாம் என்பேன். காரணம் எளிய கணக்கு. இரண்டு ட்வீட்டருக்கு இடையே 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நேர் எதிரே இருப்பவருக்கு இரண்டு ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும், சத்தம் கூடும். 10 பாகை விலகி உட்கார்ந்தால் ஒன்றின் பாதை 1.7 சென்டிமீட்டர் நீளும். 10 கிலோஹெர்ட்ஸின் அரை அலைநீளம் அதுதான். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், அந்த இடத்தில் ஒலி அற்றுப்போகும். 20 பாகையில் அந்தப் பள்ளம் 5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். தலையை அசைக்க அசைக்க ஜால்ராவின் குணம் மாறிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் வைத்தால் இது சோபாவின் அகலம் முழுக்கத் தெரியும். மேலும் கீழுமாக வைத்தால் பள்ளம் செங்குத்துத் திசைக்குப் போய்விடும் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை.

மின்சாரப் பக்கத்திலும் சிக்கல் உண்டு. 8 ஓம் ட்வீட்டர் இரண்டை ஒரே 4.7 மைக்ரோஃபேரட்டில் இணையாகக் கோத்தால் சுமை 4 ஓம் ஆகிவிடும். 4.2 கிலோஹெர்ட்ஸில் இருந்த பிரிவு (ட்வீட்டர் பொறுப்பேற்கும் இடம்) 8.5 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவும். இரண்டு ட்வீட்டர் போட்ட பிறகு பாட்டு "மெலிந்துவிட்டது" என்று சொல்பவர்களின் பாக்ஸில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இருக்கிற ட்வீட்டரால் உச்சியை எட்ட முடியாதபோது, எட்டாத பகுதிக்கு மட்டும் இன்னொன்றை வைப்பது நியாயம். 1960களின் இறுதியில் வந்த ஆங்கிலேயர்களின் ஸ்பெண்டார் பிசி1 ஸ்பீக்கர் நல்ல உதாரணம். அதில் செலஸ்டியன் எச்எஃப்1300 ட்வீட்டர் 3 கிலோஹெர்ட்ஸிலிருந்து பாடும். உச்சியில் அது தளர்ந்துவிடும் என்பதால் 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கோல்ஸ் 4001 என்ற இன்னொரு ட்வீட்டர் பொறுப்பேற்கும். வடிகட்டிப் பிரித்து ஒப்படைத்த அமைப்பு அது, அதனால் இரண்டும் மோதிக்கொள்ளவில்லை.

ட்வீட்டரே இல்லாத பாக்ஸ்

ட்வீட்டர் சேர்ப்பது உண்மையிலேயே பலன் தருகிற இடம் இதுதான். 6.5 அல்லது 8 அங்குல டிரைவர் ஒன்று மட்டும் உள்ள மரப் பெட்டி, அதை அசெம்பிள் செய்த ஆம்பில் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

எளிய வழி ஒரே ஒரு கெப்பாசிட்டர். கணக்கு இது: 1,59,155 என்ற எண்ணை ட்வீட்டரின் ஓமாலும், வேண்டிய ஹெர்ட்ஸாலும் வகுத்தால் மைக்ரோஃபேரட் கிடைக்கும். 8 ஓமுக்கு 4.7 போட்டால் 4.2 கிலோஹெர்ட்ஸ், 3.3 போட்டால் 6 கிலோஹெர்ட்ஸ், 2.2 போட்டால் 9 கிலோஹெர்ட்ஸ். ஒற்றைக் கெப்பாசிட்டர் மெதுவாகத்தான் சரியும், ஆக்டேவுக்கு (அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 6 டெசிபல். அதனால் ட்வீட்டரின் ஒத்ததிர்வு அலைவெண்ணைப் (இயல்பாகவே மிக அதிகம் அதிர்கிற இடத்தைப்) போல் நான்கு மடங்குக்கு மேலேதான் பிரிவை வைக்க வேண்டும். 1500 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும் சாதாரண டோமுக்கு 3.3 மைக்ரோஃபேரட் பாதுகாப்பானது. 4.7 போட்டால் பாட்டு நிறைவாகக் கேட்கும், ஆனால் சத்தத்தை ஏற்றும்போது ட்வீட்டர் திணறும்.

கார் ட்வீட்டரை வீட்டு பாக்ஸில் போடுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அது 4 ஓம். வயரில் கோத்து வருகிற கெப்பாசிட்டர் 3.3 என்றால் பிரிவு 12 கிலோஹெர்ட்ஸ். ஊஃபர் 5 கிலோஹெர்ட்ஸில் ஓய்ந்துவிட்டது, ட்வீட்டர் 12-இல்தான் தொடங்குகிறது. "ஸ" ஒலி இருக்கிற இடமே காலி.

பீசோ (பீங்கான் தகடு அதிர்ந்து ஒலி தரும்) ட்வீட்டருக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. விலை குறைவு என்பதால் சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களில் பலர் இதைத்தான் வாங்குகிறார்கள். பீசோவுக்குள் காயிலே கிடையாது, அதுவே ஒரு சிறிய கெப்பாசிட்டர், 0.1 மைக்ரோஃபேரட் சொச்சம். அதன் முன்னால் 3.3 கோத்தால் ஒன்றும் நடக்காது, பழையபடியே பாடும். பீசோவின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே 8.2 அல்லது 10 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால்தான் கெப்பாசிட்டருக்கு ஒரு சுமை கிடைத்து, கணக்கு வேலை செய்யும். அதோடு பீசோவுக்குத் தொடராக 30 முதல் 47 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போடுங்கள். வெறும் கெப்பாசிட்டர் போன்ற சுமையைக் கண்டால் சில ஆம்ப்கள் தானே அதிரத் தொடங்கிச் சூடேறும். இவ்வளவு செய்தாலும் பீசோவின் கீறல் குணம் முழுதாகப் போகாது. பட்டு டோம் கிடைக்கிற விலையில் கிடைத்தால் பீசோவை விட்டுவிடலாம்.

ஒற்றைக் கெப்பாசிட்டரில் ஊஃபரை நாம் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். அது தன்னால் முடிந்த வரை மேலே பாடிக்கொண்டேதான் இருக்கும். ஊஃபர் 4, 5 கிலோஹெர்ட்ஸில் இயல்பாகவே ஓய்ந்துவிடும் வகை என்றால் பரவாயில்லை. நடுவில் சின்னக் காகிதக் கூம்பு ஒட்டிய ஃபுல்ரேஞ்ச் (எல்லா ஒலியையும் ஒன்றே பாடும் டிரைவர்) என்றால் 10 கிலோஹெர்ட்ஸ் வரை அதுவும் பாடும், மோதல் நிச்சயம்.

முறையாகச் செய்ய விரும்புபவர்களுக்கு இரண்டாம் படி கிராஸ்ஓவரை (மேல் ஒலியை ட்வீட்டருக்கும் கீழ் ஒலியை ஊஃபருக்கும் பிரித்து அனுப்புகிற வடிகட்டியை) சொல்வேன். லிங்க்விட்ஸ்-ரைலி வகையில் 8 ஓம், 3 கிலோஹெர்ட்ஸ் பிரிவுக்கு ஒரு பாக்ஸுக்குத் தேவையானவை 3.3 மைக்ரோஃபேரட் 100 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் இரண்டு, 0.85 மில்லிஹென்றி காற்றுக்கரு (நடுவில் இரும்பு இல்லாத) காயில் இரண்டு. மேலுக்கும் கீழுக்கும் ஒரே மதிப்புகள் என்பது இந்த வகையின் வசதி. ட்வீட்டர் பக்கம் கெப்பாசிட்டர் தொடராக வரும், அதன் பிறகு காயில் ட்வீட்டருக்குக் குறுக்கே. ஊஃபர் பக்கம் காயில் தொடராக, கெப்பாசிட்டர் குறுக்கே. ட்வீட்டரின் கூட்டல், கழித்தலை மாற்றிக் கொடுக்க வேண்டும். இது விருப்பம் அல்ல. இரண்டாம் படி வடிகட்டியில் இரண்டு டிரைவருக்கும் இடையே 180 பாகை வித்தியாசம் விழும், மாற்றாவிட்டால் 3 கிலோஹெர்ட்ஸில் ஒலி விழுங்கப்பட்டுவிடும்.

ஊஃபருக்கான காயிலின் கம்பி 0.8 முதல் 1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். மெல்லிய கம்பியானால் அதன் தடையே பாஸைத் தளர்த்தும். இரண்டு காயில்களையும் 10 சென்டிமீட்டராவது விலக்கி, ஒன்று படுத்தால் மற்றது நிற்கிற மாதிரி வையுங்கள். இல்லையென்றால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் புகுந்து வடிகட்டலே குழம்பும். காயிலின் நடுவே இரும்பு ஸ்க்ரூ விட்டு இறுக்கினால் அதன் மில்லிஹென்றி மாறிவிடும். பசை அல்லது பிளாஸ்டிக் டை போதும்.

இன்னொன்று. ஊஃபரின் ஓம், அலைவெண் ஏற ஏற உயரும். 8 ஓம் என்று கணக்கிட்ட வடிகட்டிக்கு 3 கிலோஹெர்ட்ஸில் அங்கே 12, 15 ஓம் தெரியும், வடிகட்டல் பிசகும். இதைச் சமன்படுத்த ஊஃபரின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் தொடராகப் போட வேண்டும். மீட்டர் 6.2 ஓம் காட்டுகிற, 0.6 மில்லிஹென்றி உள்ள ஊஃபருக்கு 8.2 ஓம் 10 வாட் ரெசிஸ்டரும் 10 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் சரியாக வரும். இந்த இரண்டு பொருளை மிச்சம் பிடிப்பவர்கள்தான் "கிராஸ்ஓவர் போட்டும் ஊஃபர் கத்துகிறது" என்பார்கள்.

இந்த வேலைக்குச் சாதாரண எலக்ட்ரோலிட்டிக் ஆகாது. அதற்குக் கூட்டல், கழித்தல் உண்டு, பாட்டு மாறுமின்சாரம். கடையில் நான்-போலார் கிடைக்கவில்லை என்றால் 10 மைக்ரோஃபேரட் இரண்டை கழித்தல் முனைகள் சேரும்படி முதுகோடு முதுகாகக் கோத்தால் 5 மைக்ரோஃபேரட் நான்-போலார் ஆகும். தற்காலிகத்துக்கு அது போதும்.

சத்தத்தைச் சமன் செய்வது

"ஸ" குத்துகிறது என்ற புகாரில் பெரும்பங்கு ட்வீட்டரின் தரக்குறைவால் வருவதில்லை, அளவு மீறுவதால் வருகிறது. ஊஃபரின் உணர்திறன் (ஒரே மின்சக்திக்கு எழுகிற சத்தம்) 87 டெசிபல், ட்வீட்டர் 90 என்றால் 3 டெசிபல் குறைத்தே ஆக வேண்டும். ட்வீட்டருக்குத் தொடராக 2.2 ஓம், ட்வீட்டரின் முனைகளுக்குக் குறுக்கே 18 ஓம் போட்டால் 3 டெசிபல் இறங்கும். 3.9 ஓமும் 8.2 ஓமும் போட்டால் 6 டெசிபல். இந்தச் சேர்க்கையில் வடிகட்டிக்குத் தெரிகிற சுமை 8 ஓமாகவே இருக்கும் என்பதால் பிரிவு நகராது. இந்த ரெசிஸ்டர்களை வடிகட்டிக்கும் ட்வீட்டருக்கும் நடுவில்தான் வைக்க வேண்டும். தொடராக ஒரே ஒரு ரெசிஸ்டர் போடுவது சுலபம்தான், ஆனால் சுமை கூடிப் பிரிவு கீழே இறங்கும், ட்வீட்டர் தாங்க வேண்டாத கீழ் ஒலியைத் தாங்க நேரும்.

காகிதக் கணக்கில் வந்ததைவிட இன்னும் 2 டெசிபல் குறைவாக வைத்துத் தொடங்குவது நல்லது. சிறிய பாக்ஸில் ஊஃபரின் கீழ் ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடும், அதனால் ட்வீட்டர் எடுப்பாகத் தெரியும். டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள அறையில் இது இன்னும் கூடும். சரியான அளவை எப்படி அறிவது? நன்கு பழகிய ஒரு பெண்குரலை அரை மணி நேரம் கேளுங்கள். ட்வீட்டர் பாடுவது தனியாகத் தெரிந்தால் அளவு அதிகம். ட்வீட்டரைக் கழற்றியதும்தான் அது இருந்தது தெரிய வேண்டும்.

துளை, தூரம், நேரம்

ட்வீட்டர் ஊஃபருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 3 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 11.4 சென்டிமீட்டர். 6.5 அங்குல ஊஃபருக்கும் 104 மில்லிமீட்டர் தட்டு உள்ள ட்வீட்டருக்கும் நடுப்புள்ளித் தூரம் எப்படிப் பார்த்தாலும் 13.5 சென்டிமீட்டருக்குக் குறையாது. இரண்டின் விளிம்பும் தொட்டுக்கொள்கிற மாதிரி நேர் மேலே வையுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். துளை போடும்போது ஊஃபரைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். மரத்தூளில் ஓர் இரும்புத் துகள் கலந்திருந்தாலும் அது காந்த இடுக்கில் போய் உட்கார்ந்து ஆயுள் முழுக்கக் கரகரக்கும். ட்வீட்டரின் ஸ்க்ரூவை இறுக்கும்போது காந்தம் ஸ்க்ரூடிரைவரை டோமை நோக்கி இழுக்கும். ஓர் அட்டைத்துண்டால் டோமை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பின்பக்கம் திறந்த கூம்பு ட்வீட்டர் என்றால் அதன் பின்னால் ஒரு சிறிய மூடி கட்டாயம். இல்லாவிட்டால் ஊஃபர் பெட்டிக்குள் உண்டாக்கும் காற்றழுத்தம் ட்வீட்டரின் கூம்பைத் தள்ளி இழுத்துக்கொண்டே இருக்கும். தட்டின் விளிம்பைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டி காற்றுக் கசியாமல் அடையுங்கள்.

பெட்டியில் துளை போட மனமில்லாதவர்கள் ட்வீட்டரைத் தனி மரத்துண்டில் பொருத்தி பாக்ஸின் மேல் வைக்கலாம். இதில் ஓர் அனுகூலமும் உண்டு, முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஊஃபரின் காயில் கூம்பின் ஆழத்தில் இருப்பதால் அதன் ஒலி 2, 3 சென்டிமீட்டர் பின்னாலிருந்து கிளம்புகிறது. 3 கிலோஹெர்ட்ஸில் 2.5 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 80 பாகை. இதைக் காதாலேயே சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ட்வீட்டரை வேண்டுமென்றே தவறான துருவத்தில் இணைத்து, 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய இரைச்சல் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓட விடுங்கள். கேட்கிற இடத்தில் ஒருவர் இருக்க, இன்னொருவர் ட்வீட்டரை அரை அரை சென்டிமீட்டராகப் பின்னால் தள்ளட்டும். சத்தம் மிகவும் அடங்குகிற இடம்தான் சரியான இடம். அங்கே நிறுத்திவிட்டு வயரை மாற்றுங்கள். போனில் உள்ள அலைமாலை (ஸ்பெக்ட்ரம்) செயலியிலும் அந்தப் பள்ளம் தெளிவாகத் தெரியும்.

ஏன் எரிகிறது

ட்வீட்டரின் மேல் "100 வாட்" என்று எழுதியிருப்பது, சரியான கிராஸ்ஓவரோடு 100 வாட் ஆம்பில் பாட்டு ஓடும்போது தாங்கும் என்ற பொருளில்தான். காயில் தனியாகத் தாங்குவது சில வாட்தான், கம்பி அவ்வளவு மெல்லியது. இயல்பான பாட்டில் மேல் அலைவரிசைக்குப் போகும் பங்கு சிறியது என்பதால் தப்பிக்கிறது.

சிறிய ஆம்பை எல்லை மீறித் திருகும்போதுதான் ஆபத்து. எல்.ஏ. 4440 என்ற ஆம்ப் ஐசி 13.2 வோல்ட்டில் ஸ்டீரியோவாகப் பக்கத்துக்கு 6 வாட்டும், பிரிட்ஜில் (இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒன்றாக ஓட்டினால்) 19 வாட்டும்தான் கொடுக்கும், பலகையில் எத்தனை வாட் என்று ஒட்டியிருந்தாலும் சரி. அதற்கு மேல் கேட்டால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை சதுரமாகும், சதுர அலையில் மேலோசைகள் ஏராளம், அதோடு அதே உயரமுள்ள சைன் அலையைப் போல் இரண்டு மடங்கு சக்தி. அந்தக் கூடுதலில் பிரிவுக்கு மேலே விழுகிற மேலோசைப் பங்கு வடிகட்டி வழியாக ட்வீட்டருக்குத்தான் போகும். பாஸையும் வால்யூமையும் கடைசி வரை ஏற்றி வைத்துவிட்டு ட்வீட்டர் எரிந்தால் பெரிய ட்வீட்டர் வாங்குவதில் பயனில்லை, அடுத்ததும் எரியும். ஆம்பை மாற்றுங்கள் அல்லது வால்யூமைக் குறையுங்கள். சோதனைக்காக 8, 10 கிலோஹெர்ட்ஸ் சைன் ஒலியைச் சத்தமாக ஓட்டுவதும் இதே விளைவைத் தரும். காதுக்குச் சத்தம் குறைவாகத் தெரிவதால் ஏற்றிக்கொண்டே போவார்கள்.

20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே

சூப்பர் ட்வீட்டர் என்று தனியாக விற்கிறார்கள், 30, 50, ஏன் 100 கிலோஹெர்ட்ஸ் வரை. இளம் காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 12, 14-இல் முடிந்துவிடும். குறுந்தகடு 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவாவதால் அதில் 22.05-க்கு மேல் ஒன்றுமே இல்லை. ஆகவே ஓட்டுவது சிடி என்றால் சூப்பர் ட்வீட்டருக்கு மேலே வேலையே கிடையாது.

ஜப்பானின் ஊஹாஷி குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வு, பாலித் தீவின் கேமலான் இசையில் உள்ள மீயொலி (காதுக்கு எட்டாத உயர் ஒலி) மூளையின் செயலை மாற்றுகிறது என்றது. இதை இன்றுவரை விற்பனைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அதே காலத்தில் ஜப்பானிலேயே அஷிஹாரா, கிரியூ இருவரும் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். கேட்கும் ஒலியையும் மீயொலியையும் ஒரே ஸ்பீக்கரில் ஓட்டினால் வித்தியாசம் கேட்கிறது. தனித்தனி ஸ்பீக்கரில் ஓட்டினால் மறைந்துவிடுகிறது. அதாவது காதில் விழுந்தது மீயொலி அல்ல, ஸ்பீக்கருக்குள் அலைகள் கலந்து கீழே உண்டாகிய சிதைவு. 2016-இல் ரைஸ் என்ற ஆய்வாளர் 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது, உயர்தரப் பதிவைச் சாதாரணப் பதிவிலிருந்து காதால் பிரித்துச் சரியாகச் சொன்னதன் சராசரி 52.3 சதவீதம். குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வரும். பயிற்சி பெற்றவர்களுக்கு அது இன்னும் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் சூப்பர் ட்வீட்டர் போட்டதும் மாற்றம் கேட்கிறது என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் கேட்பது 20-க்குக் கீழே நடப்பதை. ஜப்பானிய ஃபுல்ரேஞ்ச் ஆர்வலர்கள் ஃபோஸ்டெக்ஸ் டி90ஏ என்ற ஹார்ன் ட்வீட்டரை ஒரு சிறிய கெப்பாசிட்டரோடு சேர்ப்பது வழக்கம். அதன் உணர்திறன் 106 டெசிபல். 0.68 மைக்ரோஃபேரட் போட்டால் காகிதத்தில் பிரிவு 29 கிலோஹெர்ட்ஸ். ஆனால் ஆக்டேவுக்கு 6 டெசிபல் சரிவில் 10 கிலோஹெர்ட்ஸிலும் அது 96 டெசிபல் அளவுக்குப் பாடும், கூட இருக்கிற ஃபுல்ரேஞ்சின் அதே அளவு. கெப்பாசிட்டரே அங்கே வால்யூம் குறைப்பானாகவும் வேலை செய்கிறது. 8 முதல் 16 கிலோஹெர்ட்ஸ் வரை தளர்ந்துபோகும் ஒரு 20 சென்டிமீட்டர் ஃபுல்ரேஞ்சுக்கு அது உண்மையான உதவி. நல்ல 25 மில்லிமீட்டர் டோம் ஏற்கெனவே இருக்கிற பாக்ஸுக்கு அதே பணத்தில் ஒரு கனமான திரைச்சீலையும் நல்ல ஸ்டாண்டும் வாங்குவதுதான் லாபம்.

சேர்த்த பிறகு நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், ட்வீட்டர் வயரில் ஒரு சுவிட்ச் வைத்து, நீங்கள் பார்க்க முடியாத இடத்திலிருந்து வீட்டில் இன்னொருவரை இயக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அவர் நாணயம் சுண்டிப் போட்டு, இணைப்பதா துண்டிப்பதா என்று முடிவு செய்யட்டும். ஒரே பாட்டின் ஒரே அரை நிமிடத்தை 16 முறை ஓட்டுங்கள். 12 முறையாவது சரியாகச் சொல்ல முடிந்தால் அந்த ட்வீட்டருக்கு உங்கள் பாக்ஸில் வேலை இருக்கிறது.